கோல் கம்பத்தை விட்டு வெளியே வந்தவர்

ஜாக் பிளான்ட், மாண்ட்ரியல் கனேடியன்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணி 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அதன் கோல்கீப்பர். அந்தச் சாதனையை வேறெந்த அணியும் இன்றுவரை எட்டவில்லை. அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது முகக்கவசம்தான். அது நியாயமானதே என்றாலும் அவருடைய பெருமையை அதற்குள் அடக்கிவிட முடியாது. அதுவரை கோல்கீப்பர் என்றால் துணிச்சலும் விரைவும் போதும், வருவதைத் தடுத்தால் போதும் என்றிருந்தது. அந்த இடத்தில் நின்று யோசிக்கவும் செய்யலாம் என்று காட்டியவர் பிளான்ட்.

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. ‘பக்’ எனப்படும் கெட்டி ரப்பர் வட்டைத்தான் அடித்து ஆடுவார்கள். அதன் விட்டம் மூன்று அங்குலம், கனம் ஓர் அங்குலம், எடை சுமார் 170 கிராம். துள்ளாமல் வழுக்கிச் செல்வதற்காக ஆட்டத்துக்கு முன் அதைக் குளிரில் உறைய வைப்பார்கள். அப்படிக் கல்லாகிப்போன வட்டு மணிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் வேகத்தில் பறந்து வரும். ஆறடி அகலமும் நான்கடி உயரமும் கொண்ட கோல் வாயில் நின்று அதைத் தடுக்க வேண்டும். 1959 வரை இந்த வேலையைச் செய்தவர்கள் கால்களில் தடித்த மெத்தைக் காப்பு கட்டிக்கொண்டார்கள், கைகளில் பெரிய உறை அணிந்தார்கள், முகத்தை மட்டும் திறந்தே வைத்திருந்தார்கள்.

பிளான்ட் 1929 ஜனவரி 17 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில், பிரெஞ்சு பேசும் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். வளர்ந்தது ஷாவினிகன் ஃபால்ஸ் என்ற ஆலை நகரத்தில். கடையில் வாங்க வசதியில்லாத வீட்டில் தாயிடம் பின்னல் வேலை கற்றுக்கொண்டார். தனக்கு வேண்டிய கம்பளித் தொப்பி, காலுறை, உள்ளாடை எல்லாவற்றையும் தானே பின்னிக்கொள்ளும் பழக்கம், புகழ் பெற்ற பின்னும் அவரை விடவில்லை. சிறுவயதிலேயே ஆஸ்துமா இருந்ததால் பனிச்சறுக்குக் காலணியோடு நீண்ட நேரம் ஓடியாட முடியவில்லை. ஓட வேண்டாத ஒரே இடமான கோல் வாய் அவருக்கு வாய்த்தது அப்படித்தான். பதின்ம வயதில் உள்ளூர் ஆலை அணிக்கு ஆடியபோது, அப்பா சொல்லிக்கொடுத்தபடி ஆட்டத்துக்குக் கூலி கேட்டார். மற்றவர்களிடம் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு பயிற்சியாளர் ஆட்டத்துக்கு 50 சென்ட் கொடுத்தார்.

கோலை விட்டு வெளியே வரும் வழக்கம் அவருக்குத் தொடங்கியது கியூபெக் சிட்டடெல்ஸ் என்ற இளையோர் அணியில். அங்கிருந்த தற்காப்பு ஆட்டக்காரர்கள் திறமை போதாதவர்கள். கோலுக்குப் பின்னால் போகும் வட்டை அவர்கள் எடுத்துத் தருவார்கள் என்று காத்திருப்பதை விட, தானே போய் எடுத்துத் தள்ளிவிடுவது நல்லது என்று பிளான்ட் கண்டுகொண்டார். ஆபத்தான வேலைதான். வட்டு தவறிப்போனால் பின்னால் இருப்பது ஆளில்லாத வலை. பார்த்தவர்களுக்கு அது திமிராகத் தெரிந்தது. ஆனால் வட்டு எங்கே முட்டி எந்தப் பக்கம் திரும்பும், எதிராளி அதை அடைய எவ்வளவு நேரமாகும் என்பதையெல்லாம் அவர் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருந்தார். பின்னாளில் ‘ஐசிங்’ என்ற விதிமீறல் நடக்கப்போகிறது என்றால் கையை உயர்த்தித் தன் அணியினருக்குக் குறிப்புக் காட்டுவார். இன்று எந்த ஆட்டத்திலும் கோல்கீப்பர்கள் இதைச் செய்வதைப் பார்க்கலாம்.

மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அவரை 1952-ல் முதன்முறையாக அழைத்தது. தானே பின்னிய தொப்பியோடு களம் இறங்கப் பார்த்தார். அப்போதைய பயிற்சியாளர் டிக் இர்வின் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு சிகாகோவுடனான அரையிறுதித் தொடரில் 2-3 என்று அணி பின்தங்கியிருந்தபோது, வழக்கமான கோல்கீப்பருக்குப் பதில் பிளான்ட் இறக்கப்பட்டார். ஒரு கோலும் விடாமல் அந்த ஆட்டத்தை வென்று கொடுத்தார். அடுத்த ஆட்டமும் கனேடியன்ஸ் வசமானது, அந்த ஆண்டின் கோப்பையும் கிடைத்தது. 1954-ல் முதன்மைக் கோல்கீப்பர் ஆனார். முன்னால் மோரிஸ் ரிச்சர்டும் ஜான் பெலிவோவும் கோல் அடிக்க, தற்காப்பில் டக் ஹார்வி இருக்க, வலைக்கு முன் பிளான்ட் நின்றார். ஐஸ் ஹாக்கி கண்ட மிகச் சிறந்த அணிகளில் ஒன்று அது. குறைந்த கோல் விட்ட அணியின் கோல்கீப்பருக்கு அன்று தரப்பட்ட வெசினா கோப்பையை 1956 முதல் ஐந்து முறை தொடர்ந்து பெற்றார்.

அந்த வெற்றிகளுக்கு அவர் முகம் விலை கொடுத்தது. பயிற்சியின்போதே கன்னத்து எலும்புகள் உடைந்தன. மூக்கு பலமுறை உடைந்தது. முகத்தில் மட்டும் சுமார் 200 தையல் விழுந்திருக்கும் என்பார்கள். பயிற்சியில் முகக்கவசம் அணியத் தொடங்கினார். ஆட்டத்தில் அணிய பயிற்சியாளர் டோ பிளேக் ஒப்பவில்லை. காலடியில் கிடக்கும் வட்டு தெரியாது, பாதுகாப்பு வந்தால் விழிப்பு குறையும் என்பது அவர் வாதம். முகக்கவசம் கோழைக்கு என்ற எண்ணமும் அன்றைய ஹாக்கி உலகில் ஊறிக்கிடந்தது. கிரிக்கெட்டில் 1970-களின் கடைசியில் ஹெல்மெட் வந்தபோதும் இதே பேச்சுதான் கிளம்பியது.

இந்த நேரத்தில்தான் ஃபைபர் கிளாஸ் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த பில் பர்ச்மோர் என்பவர் பிளான்டுக்குக் கடிதம் எழுதினார். நெற்றியில் அடிபட்டு பிளான்ட் சாய்ந்ததை அவர் நேரில் பார்த்திருந்தார். முகத்தோடு தோல் போல ஒட்டியிருக்கும் கவசம் செய்ய முடியும் என்றார். மருத்துவமனை ஒன்றில் பிளான்டின் முகத்தில் வாசலின் தடவி, மூச்சு விடக் குழாய் வைத்து, மேலே பிளாஸ்டர் பூசி அச்சு எடுத்தார்கள். அந்த அச்சின் மேல் பிசினில் தோய்த்த ஃபைபர் கிளாஸ் துணியை அடுக்கடுக்காகப் படியவைத்து இறுக விட்டார்கள். அரைக் கிலோவுக்கும் குறைந்த எடையில், தோல் நிறத்தில், கண்ணுக்கும் வாய்க்கும் துளை விட்ட கவசம் வந்தது. பார்க்க அச்சமூட்டும், ஆனால் கச்சிதமாகப் பொருந்தும்.

1959 நவம்பர் 1, நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன். ஆட்டம் தொடங்கிச் சுமார் மூன்று நிமிடம். நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் ஆண்டி பாத்கேட் அடித்த வட்டு பிளான்டின் முகத்தில் பட்டு, மூக்கிலிருந்து உதடு வரை கிழித்தது. வேண்டுமென்றே முகத்தைப் பார்த்து அடித்ததாகப் பல ஆண்டுகள் கழித்து பாத்கேட்டே ஒப்புக்கொண்டார். பனித்தளத்தில் ரத்தம் வழிய, பிளான்ட் உள்ளே நடந்துபோய்த் தையல் போட்டுக்கொண்டார்.

அந்தக் காலத்தில் அணிகளுக்கு மாற்று கோல்கீப்பர் கிடையாது. ஒருவருக்கு அடிபட்டால் தையல் போட்டு அவர் திரும்பும் வரை ஆட்டம் நிற்கும். திரும்ப முடியாவிட்டால் உள்ளூர் அரங்கம் வைத்திருக்கும் யாரோ ஓர் அமெச்சூர் ஆளை இறக்க வேண்டும். கவசம் இல்லாமல் வரமாட்டேன் என்று பிளான்ட் அறுதியிட்டுச் சொன்னார். பிளேக்குக்கு வேறு வழியில்லை. சுமார் இருபது நிமிடத்துக்குப் பின், காயத்தின் மேல் கவசம் மாட்டிக்கொண்டு பிளான்ட் திரும்பி வந்தார். அரங்கம் அப்படி ஒரு முகத்தை அதற்கு முன் கண்டதில்லை. கனேடியன்ஸ் 3-1 என வென்றது.

காயம் ஆறியதும் கழற்றிவிட வேண்டும் என்று பிளேக் நினைத்திருந்தார். ஆனால் அடுத்த சில வாரங்கள் அணி தோற்கவே இல்லை, எதிர்ப்புக்குப் பேச்சில்லாமல் போயிற்று. 1960 மார்ச்சில் டெட்ராய்ட்டில் ஒரே ஓர் ஆட்டத்துக்கு, பிளேக் கேட்டுக்கொண்டதால் பிளான்ட் கவசமின்றி ஆடினார். அணி 0-3 எனத் தோற்றது. அதோடு வாதம் முடிந்தது. கோப்பைச் சுற்றில் கவசத்தோடு எட்டு ஆட்டங்கள் ஆடி எட்டிலும் வென்று, ஐந்தாவது கோப்பையை எடுத்தார்கள்.

முகக்கவசத்தை முதலில் அணிந்தவர் பிளான்ட் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1930-ல் கிளின்ட் பெனடிக்ட் தோலால் ஆன கவசத்தைச் சில ஆட்டங்களில் அணிந்து, பார்வையை மறைக்கிறது என்று விட்டுவிட்டார். அடிபட்ட முகம் ஆறும் வரைக்குமான தற்காலிக ஏற்பாடாகவே அதுவரை கவசம் இருந்தது. அதை அன்றாட உடுப்பாக்கியது பிளான்டின் பிடிவாதம். அதை அணிந்துகொண்டே மற்ற எல்லாரையும் விட நன்றாக ஆடிக் காட்டியது அதைவிடப் பெரிய வேலை. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் தேசிய ஹாக்கி லீக்கில் திறந்த முகத்தோடு ஆடும் கோல்கீப்பர் எவரும் இல்லாமல் போயிற்று. பாஸ்டனின் ஜெர்ரி சீவர்ஸ், கவசத்தில் வட்டு பட்ட இடமெல்லாம் தையல் கோடுகள் வரைந்துகொண்டார். கவசம் தடுத்த காயங்களை அதிலேயே எண்ணிப் பார்க்க முடிந்தது.

அணியில் பிளான்ட் ஒட்டாத மனிதராகவே இருந்தார். ரயிலில் மற்றவர்கள் சீட்டாட, அவர் பின்னிக்கொண்டிருப்பார். ஆஸ்துமா காரணமாகச் சில ஊர்களில் அணியோடு தங்காமல் வேறு ஹோட்டலுக்குப் போவார். சில அரங்குகளில் கோல் வலையின் அளவு மாறுபடுகிறது என்று அவர் சொன்னபோது பத்திரிகைகள் கேலி செய்தன. பின்னர் அளந்து பார்த்ததில் அவர் சொன்னதே சரியென்று தெரிந்தது. ஆயிரக்கணக்கான முறை முதுகுக்குப் பின்னால் உணர்ந்த கம்பத்தின் உயரம் அவருக்குத் தப்பவில்லை.

1962-ல் ஆறாவது வெசினா கோப்பையோடு, லீக்கின் மிக மதிப்புவாய்ந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையையும் பெற்றார். அடுத்து ஒரு கோல்கீப்பர் அதைப் பெற 35 ஆண்டுகள் ஆயின. 1997-ல் டொமினிக் ஹாஷெக்கிற்குக் கிடைத்தது. ஆனால் பிளேக்குடன் உரசல் முற்றி, 1963-ல் பிளான்ட் நியூயார்க்குக்கு மாற்றப்பட்டார். வலுவற்ற அந்த அணியில் சோபிக்காமல் 1965-ல் ஓய்வு பெற்றார்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1968-ல், 39 வயதில், செயின்ட் லூயிஸ் புளூஸ் என்ற புதிய அணிக்காகத் திரும்பினார். கிளென் ஹாலுடன் சேர்ந்து ஏழாவது வெசினாவை வென்றார். 1970 இறுதிப்போட்டியில் திசை திரும்பிய வட்டு நெற்றியில் மோதி அவரை மயங்கி விழச் செய்தது. கவசம் இல்லாவிட்டால் உயிர் போயிருக்கும் என்று பிறகு அவர் சொன்னார். அடுத்த பருவத்தில் டொராண்டோவுக்கு ஆடி, ஆட்டத்துக்குச் சராசரி 1.88 கோல் மட்டுமே விட்டு லீக்கில் முதலிடம் பிடித்தபோது அவருக்கு 42 வயது.

டொராண்டோவில் அவருடன் இருந்த இளைஞர் பெர்னி பேரன்ட். கோணங்களை எப்படி மூடுவது, எந்தக் காலில் எடையை வைப்பது என்று பிளான்ட் சொல்லிக்கொடுத்தார். பேரன்ட் 1974, 1975 ஆண்டுகளில் பிலடெல்ஃபியாவுக்கு ஸ்டான்லி கோப்பை வென்று தந்தார். 1972 செப்டம்பரில் கனடாவும் சோவியத் யூனியனும் மோதிய தொடரின் முதல் ஆட்டத்துக்கு முன், பிளான்ட் மொழிபெயர்ப்பாளருடன் சோவியத் அணியின் அறைக்குள் போனார். இருபது வயது விளாடிஸ்லாவ் டிரெட்டியாக்குக்குக் கரும்பலகையில் படம் போட்டு, கனடாவின் ஒவ்வொரு ஆட்டக்காரரும் எப்படி அடிப்பார் என்று விளக்கினார். சோவியத் அணி 7-3 என வென்றது. சொந்த நாட்டுக்கு எதிராக ஏன் அப்படிச் செய்தார் என்பதற்குப் பலர் பல காரணம் சொன்னார்கள். கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியரைத்தான் அந்த நிகழ்வில் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

கடைசி ஆண்டுகளை சுவிட்சர்லாந்தில் கழித்த பிளான்ட், 1986 பிப்ரவரி 27 அன்று ஜெனீவாவில் வயிற்றுப் புற்றுநோயால் காலமானார். அதற்கு முன்பே, 1978-ல், ஹாக்கி புகழ் மண்டபத்தில் இடம்பெற்றிருந்தார். கனேடியன்ஸ் 1995-ல் அவருடைய 1-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என அறிவித்தது.

கோலை விட்டு வெளியே வந்து வட்டைக் கையாளும் கலை அவருக்குப் பின் வளர்ந்துகொண்டே போயிற்று. நியூஜெர்சியின் மார்ட்டின் புரோடர் போன்றவர்கள் அதில் மூன்றாவது தற்காப்பு ஆட்டக்காரர் போலவே தேர்ந்தார்கள். எதிரணிகளின் தாக்குதல் முனை மழுங்கத் தொடங்கியது. 2005-ல் தேசிய ஹாக்கி லீக் கோலுக்குப் பின்னால் சரிவகமாகக் கோடு போட்டு, மூலைப் பகுதிகளில் கோல்கீப்பர் வட்டைத் தொடக் கூடாது என்று விதி வகுத்தது.