மும்பைக் குடிசைப் பகுதிகள் தந்த சான்று

மான்கூர்துக்கு அப்பால், டிராம்பே கடலோரத்தில் இருக்கிறது சீத்தா கேம்ப். 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியைக் காலி செய்து, அங்கிருந்தவர்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம். தமிழ்க் குடும்பங்கள் இன்றும் நிறைய. இங்கிருந்து பரேலில் இருக்கும் டாட்டா நினைவு மருத்துவமனைக்குப் புற்றுநோய்ப் பரிசோதனைக்காகப் போக வேண்டுமானால் மான்கூர்து வரை பஸ், குர்லா வரை ஹார்பர் லைன், அங்கே வண்டி மாறிப் பரேல். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அன்றைய கூலி போச்சு. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதபோது யார் கிளம்புவார்கள்? ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயும் எளிதில் குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனால்தான் பரிசோதனை சந்துக்குள் வர வேண்டும் என்கிறேன். அப்படி வந்தால் உயிர் பிழைக்கிறது என்பதற்கான சான்று வெளிநாட்டிலிருந்து வரவில்லை. மும்பையின் குடிசைப் பகுதிப் பெண்களே அதைத் தந்தார்கள்.

டாட்டா மருத்துவமனை 1998இல் மும்பையின் 20 குடிசைத் தொகுதிகளில், 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கியது. பத்துத் தொகுதிகளில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, நான்கு சுற்றுகள் பரிசோதனை நடந்தது. செய்தவர்கள் டாக்டர்கள் அல்ல. பத்தாம் வகுப்பு படித்து, நான்கு வாரப் பயிற்சி பெற்ற பெண்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை, கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். இயல்பு மாறத் தொடங்கிய திசு வெள்ளையாகத் தெரியும். கூடவே மார்பகத்தைக் கையால் தொட்டுப் பரிசோதிப்பார்கள். பரிசோதனை நடந்த தொகுதிகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் நேர்ந்த மரணங்கள் 31 சதவீதம் குறைந்தன என்ற முடிவு 2013இல் வெளியானது. 'நம் பெண்கள் கூச்சப்படுவார்கள், வரமாட்டார்கள்' என்று சொல்பவர்களுக்கும் இதே ஆய்வு பதில் வைத்திருக்கிறது. அழைக்கப்பட்டவர்களில் 89 சதவீதம் பேர் வந்தார்கள்.

மார்பகத்தின் கதை இவ்வளவு நேரானதல்ல. இருபது வருடத் தொடர் கண்காணிப்புக்குப் பின் 2021இல் வந்த முடிவில், கையால் பரிசோதித்ததால் கட்டிகள் முற்றுவதற்கு முன்பே கண்டறியப்பட்டன. 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது; அதற்குக் கீழே உறுதியான குறைவு தெரியவில்லை. இதை மறைக்கக் கூடாது. மார்பக எக்ஸ்ரே படமான மேமோகிராம் அல்லவா சிறந்தது என்று கேட்கலாம். அதற்கு இயந்திரம் வேண்டும், படத்தைப் படித்துச் சொல்ல நிபுணர் வேண்டும். இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் அதிலும் கட்டிகள் தப்பிவிடும். கையும் பயிற்சியும் இன்றே கிடைப்பவை.

வினிகர் சோதனை பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது என்ற ஆட்சேபம் நியாயமானது. பலனும் ஆய்வுக்கு ஆய்வு மாறியிருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரே ஒரு சுற்றுச் சோதனையும், தேவைப்பட்டவர்களுக்கு உடனடிச் சிகிச்சையும் சேர்ந்து மரணத்தை 35 சதவீதம் குறைத்ததாக 2007இல் அறிந்தோம். மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தில் நடந்த ஆய்விலோ அதே சோதனை பெரிய பலன் காட்டவில்லை. நோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைத் தேடும் சோதனைதான் மரணத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைப்பதும் இதைத்தான். இதற்கான மாதிரியைப் பெண் தன் வீட்டிலேயே, யார் முன்னும் படுக்காமல், தானே எடுத்துத் தரலாம். ஒற்றை அறை வீட்டில் வாழ்பவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! சந்தேகக் குறி தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை என்பதையும் அப்போதே அவருக்குப் புரியும் மொழியில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பயந்துபோய் அடுத்த கட்டத்துக்கு வராமல் இருந்துவிடுவார்.

இன்னொரு கேள்விதான் என்னை உறுத்துகிறது. மும்பை ஆய்வில் மீதிப் பத்துத் தொகுதிப் பெண்களுக்குப் புற்றுநோய் பற்றிய விளக்கம் மட்டுமே கிடைத்தது. ஒப்பிடுவதற்காக அவர்களைப் பரிசோதிக்காமல் விட்டது சரியா என்று வெளிநாட்டு மருத்துவர்கள் கடுமையாகக் கேட்டார்கள். அன்று நாட்டில் எங்குமே பரிசோதனைத் திட்டம் இல்லை என்பது ஆய்வாளர்களின் பதில். அந்தப் பதிலை ஏற்றாலும், சான்று கிடைத்தபின் கடன் நம் மீது விழுகிறது. 30 முதல் 65 வயதுப் பெண்களை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்று 2016இல் மத்திய அரசு வழிகாட்டுதல் வந்தது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம், முன்னணியில் நிற்கும் தமிழ்நாட்டிலேயே 9.8. அதற்குள் 2022இல் மட்டும் இந்தப் புற்றுநோய்க்கு நாட்டில் சுமார் 80,000 பெண்கள் பலியானதாக மதிப்பீடு.

9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டுவிட்டால் போதாதா? கட்டாயம் போட வேண்டும். ஒரு தவணையே நல்ல பாதுகாப்புத் தருகிறது என்பதற்கும் இந்தியச் சிறுமிகளிடம் நடந்த ஆய்வே முக்கிய ஆதாரம். ஆனால் அது மகளுக்கான கவசம். ஏற்கெனவே வைரஸ் தொற்றிய நாற்பது வயது அம்மாவுக்கு அது உதவாது. அவருக்குத் தேவை, மாநகராட்சியின் சுகாதாரப் பணியாளரான ஆரோக்கிய சேவிகா கையில் எச்.பி.வி. மாதிரிப் பை, அந்தச் சேவிகாவின் வாயில் தமிழ், சந்தேகம் வந்தால் டாட்டாவுக்குப் போகும் முன் பக்கத்திலுள்ள கோவண்டியிலோ செம்பூரிலோ அடுத்த வாரமே பார்க்கக் குறித்த ஒரு தேதி. வெள்ளைப்படுதல் நாற்றமடித்தால், உறவுக்குப் பிறகோ மாதவிலக்கு நின்ற பின்னோ இரத்தம் பட்டால், மார்பில் கட்டி தட்டுப்பட்டால், அந்தத் தேதிக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது.