கழிவுப் பைக்குள் ஓர் ஊசி

யுத்தத்தில் கணவரை இழந்து குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் சகோதரிகள் பலர் வைத்தியசாலைகளில் துப்புரவு வேலை செய்கின்றனர். அரச வைத்தியசாலைகளிலும் இவ்வேலை பெரும்பாலும் தனியார் கம்பனிகளுக்கு ஒப்பந்தத்தில் கொடுக்கப்படுவதால் இவர்களுக்கு நிரந்தர நியமனம் இல்லை. விடுதியைக் கூட்டித் துடைத்து, கழிவுப் பைகளைத் தூக்கிச் செல்பவர்கள் இவர்களே. அந்தப் பைகளுக்குள் என்ன இருக்கின்றது என்பதை அறிய இவர்களுக்கு உரிமை உண்டு.

வைத்தியசாலைக் கழிவில் ஏறத்தாழ 85 வீதம் நமது வீட்டுக் குப்பை போன்றதுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிகுதி 15 வீதமே ஆபத்தானது. ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால், குடம் பாலில் துளி விஷம் கலந்த கதைதான். ஆகவேதான் நோயாளியின் கட்டிலருகிலேயே கழிவைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். நம் நாட்டில் சாதாரண குப்பைக்குக் கறுப்பு, இரத்தம் தோய்ந்த பஞ்சு, துணி போன்றவற்றுக்கு மஞ்சள், ஊசி, பிளேட் முதலிய கூரானவற்றுக்குச் சிவப்புக் கோடிட்ட மஞ்சள் பெட்டி என நிறங்கள் வகுக்கப்பட்டுள்ளன.

ஊசியைப் பாவித்தவரே அதனை மூடியிடாமல் உடனே பெட்டிக்குள் போட வேண்டும். பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிட வேண்டும். அவசரத்தில் ஒருவர் அதைக் கறுப்புப் பைக்குள் போட்டுவிட்டால், குத்துவது அவருக்கல்ல, பின்னர் பையைத் தூக்கும் பெண்ணுக்கே. எனவே எந்தப் பையையும் கழுத்தில் பிடித்தே தூக்குங்கள். உடலோடு அணைக்க வேண்டாம். இடம் போதவில்லையென்று கையாலோ காலாலோ அமுக்கவும் வேண்டாம்.

"முள்ளுக் குத்தினது மாதிரித்தானே" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். நோயாளியின் இரத்தத்தில் ஈரலழற்சி 'பி' கிருமி இருந்தால், தடுப்பூசி போடாத நூறு பேரில் முப்பது பேர் வரை தொற்றுக்குள்ளாகலாம். ஈரலழற்சி 'சி' எனில் நூறில் இருவரளவு, எச்.ஐ.வி. எனில் ஆயிரத்தில் மூவர். 'பி' கிருமி உடலுக்கு வெளியே உலர்ந்த இரத்தத்திலும் ஏழு நாட்களாவது உயிரோடிருக்கும். இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை போட வேண்டும். நம் நாட்டில் குழந்தைகளுக்கு இது 2003 இலிருந்தே போடப்படுகின்றது. ஆகவே அதற்கு முன் பிறந்த தாய்மார் தமக்குப் போடப்பட்டதா என்று கேட்டறிய வேண்டும்.

ஊசி குத்தினால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். பிதுக்கவோ வாயால் உறிஞ்சவோ வேண்டாம். உடனடியாகத் தாதியிடம் அல்லது வைத்தியரிடம் சொல்லி, பதிவேட்டில் எழுதுவியுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையெனில் சில மணி நேரத்துக்குள், பிந்தினால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் எடுக்க வேண்டும். நாளைக்கு வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மறைக்கும் சகோதரிகளை நான் குறை சொல்லமாட்டேன். குறை, அந்தப் பயத்தை உண்டாக்குபவர்களிடமே. தடித்த கையுறையும் சப்பாத்தும் கேட்பது சலுகை கேட்பதல்ல. வைத்தியசாலைக் கழிவைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் தேவை என 2008 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. துப்புரவை ஒப்பந்தத்துக்குக் கொடுத்தோம் என்று நிர்வாகம் கைகழுவ முடியாது.

கழிவைக் குழியிலிட்டு எரிப்பதும் தீர்வல்ல. திறந்த நெருப்பில் ஊசி அழியாது. பிளாஸ்டிக் எரியும் புகையில் டயொக்சின் என்னும் நஞ்சு கலந்திருக்கும். முறையான எரியூட்டிக்கு 850 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் தேவை. வளவுக்குப் பக்கத்தில் இப்படி எரிப்பதைக் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம்.

நீரிழிவுக்கு வீட்டில் இன்சுலின் போடுபவர்களும் ஊசியைக் குப்பையில் எறியாதீர்கள். தடித்த பிளாஸ்டிக் போத்தலொன்றில் சேர்த்து, திருகு மூடியை இறுக்கி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்பதை அடுத்த கிளினிக் நாளில் தாதியிடம் கேளுங்கள்.