எல்கி ஆற்றங்கரையில் ஒரு நகரம்: விக்கூனியா

தென் அமெரிக்கா என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை அமேசன் காடும் உதைபந்தாட்டமும்தான். உயர்தரத்தில் புவியியலை ஒரு பாடமாகக் கற்கும் நான், அக்கண்டத்தின் மேற்கு ஓரத்தில் ஒடுங்கி நீண்டு கிடக்கும் சிலி நாட்டைப் பற்றி வாசித்தபோது விக்கூனியா என்ற சிறு நகரைப் பற்றி அறிந்தேன். மழை அரிதான இடத்தில் பழத்தோட்டங்கள் செழிக்கும் ஊர் அது. ஒரு சிறுமியைப் பாடசாலையிலிருந்து விலக்கிவிட்டு, பிற்காலத்தில் அவளது பெயரையே வீதிக்கும் நூதனசாலைக்கும் சூட்டிய ஊரும் அதுதான். அந்த ஊரைப் பற்றித் தேடி அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஆறும் நிலமும்

விக்கூனியா, கொக்கிம்போ பிராந்தியத்தில், லா செரெனா என்ற கரையோர நகரிலிருந்து கிழக்கே சுமார் 60 கிலோமீற்றர் தூரத்தில், அந்தீஸ் மலைகளின் அடிவாரத்தில் உள்ளது. எமது நாட்டின் பிரதேச சபையைப் போல அங்கே ‘கொமுனா’ என்ற உள்ளூராட்சி அலகு உண்டு. 2017ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி விக்கூனியா கொமுனாவில் 27,000 பேருக்கு மேல் வாழ்கின்றனர்.

சிலியின் கரையோரமாக ஓடும் ஹம்போல்ட் என்னும் குளிர் நீரோட்டம் காற்றைக் குளிர்விப்பதால் அது மேலெழுந்து மழை முகிலாவது அரிது. இங்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீற்றர்தான். ஆயினும் மாரியில் அந்தீஸின் உச்சிகளில் விழும் பனி, வெயிற்காலத்தில் உருகி துர்பியோ, கிளாரோ என்ற இரு ஆறுகளாக இறங்குகிறது. அவை ரிவதாவியா என்னுமிடத்தில் இணைந்து எல்கி ஆறாகிப் பசுபிக் சமுத்திரத்தை அடைகின்றன.

மலைச்சரிவுகளில் வெட்டப்பட்ட வாய்க்கால்கள் இந்த ஆற்று நீரை வயல்களுக்குக் கொண்டு செல்கின்றன. வாய்க்காலுக்குக் கீழே பச்சைப் பசேலென்று திராட்சைத் தோட்டம். அதற்கு மேலே ஒரு புல்கூட இல்லாத மொட்டைப் பாறை. திராட்சை பழமாகவும் உலர்த்தியும் விற்கப்படுகிறது. அதிலிருந்து வடிக்கப்படும் பிஸ்கோ என்ற மதுபானமும் இப்பள்ளத்தாக்கின் பழைய தொழில்களில் ஒன்று.

ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட புக்ளாரோ நீர்த்தேக்கம் சுமார் 200 மில்லியன் கன மீற்றர் நீரைக் கொள்ளக்கூடியது. அதற்காக குவாலிகுவாய்கா என்ற பழைய கிராமம் நீரில் மூழ்கியது. அதன் மக்கள் மேட்டு நிலத்தில் புதிதாக அமைக்கப்பட்ட கிராமத்தில் குடியேறினர். 2010 முதல் மத்திய சிலியை வாட்டும் நீண்ட வரட்சியில் இந்த நீர்த்தேக்கமும் வற்றத் தொடங்கியது. 1981இல் இயற்றப்பட்ட நீர்ச் சட்டத்தின்படி அங்கே நீருரிமையை நிலத்திலிருந்து பிரித்து விற்கலாம், வாங்கலாம். தோட்டம் ஒருவரிடமும் அதற்குரிய நீர் இன்னொருவரிடமும் இருக்க இது வழிவிட்டது. 2022இல் திருத்தப்பட்ட சட்டம்தான் குடிநீர் பெறுவதை மனித உரிமையாக ஏற்றுக்கொண்டது.

பழங்குடியினரும் நகரின் தோற்றமும்

இப்பள்ளத்தாக்கின் பழைய குடிகள் தியாகித்தா மக்கள். சிவப்பு, கறுப்பு, வெள்ளை நிறங்களில் நுணுக்கமான கோலங்கள் தீட்டிய அவர்களது மட்பாண்டங்கள் புகழ்பெற்றவை. தாரா வடிவில் அமைந்த குடுவைகளும் அவற்றில் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் இன்காக்களும் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரும் இங்கு வந்தனர். தியாகித்தா மக்களைத் தனி இனமாகச் சிலியின் சட்டம் ஏற்றுக்கொண்டது 2006இல்தான். ஓர் இனம் தன் பெயரைச் சட்டத்தில் காண இத்தனை நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

சிலி சுதந்திரமடைந்தபின், 1821இல், அதன் தலைவர் பெர்னார்தோ ஓஹிகின்ஸின் கட்டளைப்படி விக்கூனியா நகரம் நிறுவப்பட்டது. நகரின் மத்தியில் 1905இல் எழுப்பப்பட்ட மரக் கோபுரம் இன்றும் அதன் அடையாளமாக நிற்கிறது.

விலக்கப்பட்ட மாணவி

1889 ஏப்ரல் 7ஆம் திகதி இந்நகரில் லுசீலா கொதோய் பிறந்தார். அவருக்கு மூன்று வயதானபோது தந்தை குடும்பத்தை விட்டுச் சென்றார். பள்ளத்தாக்கின் உட்புறத்திலுள்ள மொந்தேகிராந்தே கிராமத்தில் ஆசிரியையாக இருந்த மூத்த சகோதரி எமெலினாவே அவருக்கு எழுத்தறிவித்தார்.

பின்னர் விக்கூனியாப் பாடசாலையில் மாணவிகளுக்குத் தாள்களைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு லுசீலாவுக்குக் கிடைத்தது. கூச்ச சுபாவமுள்ள அவரால், கேட்டு வந்தவர்களை மறுக்க முடியவில்லை. தாள்கள் முடிந்துபோகவே, திருடியதாகப் பழி அவர்மேல் விழுந்தது. சக மாணவிகள் கல்லெறிந்தனர். பாடசாலை அவரை விலக்கியது. இப்பிள்ளைக்குப் படிப்பு வராது, வீட்டு வேலைகளில் பழக்குவதே நல்லது என்று தாயாருக்குச் சொல்லப்பட்டதாக அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

ஆனால் வீட்டில் படிப்பு நிற்கவில்லை. பதினைந்து வயதளவில் அவர் ஒரு கிராமப் பாடசாலையில் உதவி ஆசிரியையானார். பத்திரிகைகளில் எழுதிய கருத்துகளுக்காக லா செரெனா ஆசிரியர் கலாசாலை அவருக்கு இடம் மறுத்தது. 1910இல் சந்தியாகோவில் பரீட்சை எழுதித் தேறி ஆசிரியத் தகைமை பெற்றார். கப்ரியேலா மிஸ்த்ரால் என்ற புனைபெயரில் கவிதைகள் எழுதினார். 1922இல் மெக்சிக்கோ அரசு, கிராமப் பாடசாலைகளையும் நூலகங்களையும் வளர்க்கும் பணிக்கு அவரை அழைத்தது. 1945இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. இலத்தீன் அமெரிக்காவில் அப்பரிசைப் பெற்ற முதலாவது எழுத்தாளர் அவரே.

இருளைக் காக்கும் ஊர்

மழையைத் தராத அதே வானம் இப்பள்ளத்தாக்குக்கு இன்னொரு செல்வத்தைத் தந்தது. முகிலற்ற இரவுகளும் உலர்ந்த காற்றும் இருப்பதால், 1960களில் செரோ தொலோலோ மலையில் பெரிய வானியல் ஆய்வுகூடம் அமைந்தது. 1998இல் விக்கூனியா நகராட்சி, பொதுமக்களுக்காகவே மாமல்லூக்கா என்ற ஆய்வுகூடத்தைத் திறந்தது. உள்ளூராட்சி மன்றமொன்று தன் மக்களுக்குத் தொலைகாட்டி வைத்துக்கொடுத்த செய்தி எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது. நட்சத்திரங்கள் மங்காதிருக்க, வீதி விளக்குகளின் வெளிச்சம் வானுக்குச் செல்லாதபடி கட்டுப்படுத்தும் விதிகளும் அங்கு உண்டு. 2015இல் ஆய்வுகூடங்கள் உள்ள பகுதி, உலகின் முதலாவது சர்வதேச இருள்வான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்குச் சூட்டப்பட்ட பெயரும் கப்ரியேலா மிஸ்த்ரால்தான்.

பெற்றோரே, சகோதரிகளே, இந்த ஊரின் கதையில் என் மனதில் ஆழமாகப் பதிந்தவர் எமெலினா. பாடசாலை கைவிட்ட பிள்ளையை ஒரு ராத்தா கைவிடவில்லை. ‘படிப்பு வராது’ என்ற சொல்லை அந்த வீடு அப்படியே நம்பியிருந்தால், உலகம் ஒரு கவிஞரை இழந்திருக்கும். புள்ளிகள் குறைந்த ஒரு தவணையை வைத்துப் பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானித்துவிடாதீர்கள் என்பதே நான் கேட்டுக்கொள்வது.

1957இல் அமெரிக்காவில் காலமான மிஸ்த்ராலின் உடல், அவரது விருப்பப்படி மொந்தேகிராந்தேயில் அடக்கம் செய்யப்பட்டது. தென் அமெரிக்காவில் விற்பனையாகும் தன் நூல்களின் வருமானம் அக்கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்கே சேர வேண்டும் என்று அவர் தன் மரண சாசனத்தில் எழுதி வைத்திருந்தார்.