கொழுக்கிப் புழுவும் குருதிச் சோகையும்

வயிற்றில் வாழும் புழுக்கள் யாவற்றையும் “பூச்சி” என்னும் ஒரே சொல்லாற் சுட்டுவது நம்மவர் வழக்கம். இனிப்பை மிகுதியாக உண்பதால் அவை உண்டாகின்றன என்பதும் பலர் கொண்ட துணிபு. இரண்டும் பொருந்தா. புழு முட்டையிலிருந்தே தோன்றும், இனிப்பிலிருந்தன்று. அன்றியும், உடலினுட் புகும் வழி புழுவுக்குப் புழு வேறுபடும். வட்டப்புழுவின் முட்டை வாய்வழியே செல்லும். ஈண்டு ஆராயப் புகும் கொழுக்கிப் புழுவோ பெரும்பாலும் காலின் தோலைத் துளைத்துப் புகுவது.

1838ஆம் ஆண்டில் மிலான் நகரத்து வைத்தியரான அஞ்செலோ துபீனி, இறந்த பெண்ணொருத்தியின் உடலை அறுத்துச் சோதித்தபோது சிறுகுடலில் இப்புழுவைக் கண்டார். அஃது எவ்வாறு அங்குச் சென்றதென்பது நெடுங்காலம் விளங்கவில்லை. கெய்ரோவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆதர் லூஸ் என்னும் ஜேர்மானியர், குடம்பிகள் நிறைந்த நீர் தம் கையிற் சிந்தியபோது அவ்விடம் சிவந்து எரிவதை உணர்ந்தார். சில வாரங்கள் கழித்துத் தம் மலத்தைச் சோதித்தார். அதிலே கொழுக்கிப் புழுவின் முட்டைகள் இருந்தன. 1898இல் அவர் இதனை வெளியிட்டபோது எளிதில் நம்பினாரில்லை.

மலத்தோடு நிலத்தில் வீழும் முட்டை, ஈரமும் நிழலும் வெப்பமும் உள்ள மண்ணில் ஓரிரு நாளிற் பொரிக்கும். குடம்பி ஒரு வாரமளவில் இருமுறை தோல்கழற்றித் தொற்றும் நிலையை அடையும். வெறுங்கால் பட்டதும் தோலைத் துளைத்து, குருதியோடு கலந்து, இதயத்தின் வழியே நுரையீரலை அடையும். பின் மூச்சுக்குழலில் ஏறித் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுச் சிறுகுடலிலே தங்கும். காலிற் புகுந்தது குடலை அடைய இத்துணைச் சுற்றுவழி செல்வது வியப்பே!

அங்கே ஏறக்குறைய ஒரு சதமமீற்றர் நீளம் வளர்ந்து, குடற்சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சும். நம் நாட்டிற் பெரும்பாலும் காணப்படும் நெக்கேற்றர் இனத்துப் புழுவொன்றால் நாளொன்றுக்கு இழக்கப்படும் குருதி 0.03 மில்லிலீற்றர் அளவினதே. ஆயின், நூறு புழுக்கள் இருப்பின் 3 மில்லிலீற்றராகும், அதில் 1.5 மில்லிகிராம் இரும்பு அடங்கும். ஒரு பகுதியைக் குடல் மீள ஏற்பினும், ஆடவன் உணவிலிருந்து நாள்தோறும் பெறும் இரும்பு ஏறக்குறைய ஒரு மில்லிகிராமே என்பதை நோக்குக. வரவிலும் செலவு மிகுந்த இடத்திற் சோகை வந்து சேர்கின்றது.

சோகையுற்றவன் சிறிது நடந்ததும் இளைப்பான். வகுப்பிலே பாடத்திற் கருத்தூன்ற மாட்டான். அவனைச் சோம்பேறி என ஏசுவார் பலர். 1902இல் அமெரிக்கப் பத்திரிகைகள் இப்புழுவையே “சோம்பற் கிருமி” என எழுதின. நோயை ஒழுக்கக் குறையாகக் கொள்வது எங்கும் உள்ளதே.

இலங்கையில் 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் ரொக்பெல்லர் நிறுவனத்தார் ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். மருந்து புழுவை வெளியேற்றியது. மலசலகூடம் இல்லாத தோட்டங்களிலோ தொழிலாளர் அதே மண்ணை மிதித்து மீண்டும் நோயுற்றனர். மலசலகூடங்கள் பெருகிய பின்னரே நோய் பெரிதும் குறைந்தது.

இன்று 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் குளிசையொன்று புழுக்களிற் பெரும்பாலானவற்றை ஒழிக்கும். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் அதனைத் தவிர்ப்பர். குளிசை புழுவைக் கொல்லுமேயன்றி, இழந்த இரும்பைத் தராது. ஆதலின் சோகையுற்றவர்க்கு இரும்புச் சத்துக் குளிசைகளையும் வைத்தியர் சில மாதங்கள் கொடுப்பர்.