முடிச்சுக்கு மதிப்பெண்

சென்னை–செங்கல்பட்டு ரயில் தடத்தில் கூடுவாஞ்சேரிக்கு அடுத்த நிலையம் பொத்தேரி. அங்கே எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரி. அதே தடத்தில் தெற்கே போனால், 1965-இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி. இதுபோன்ற பயிற்சி மருத்துவமனைகளில், ஜி.எஸ்.டி. சாலை விபத்தில் அடிபட்டு இரவில் வருகிறவருக்குத் தையல் போடுவது பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜன் எனும் பயிற்சி மருத்துவர்தான். அவர் முடிச்சுப் போடக் கற்றாரா என்பதை யார், எப்படிச் சோதித்தார்கள்? நோயாளியாகப் போகும் நாம் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

தையலில் நூல் அறுவது பெரும்பாலும் முடிச்சின் அருகில்தான். அறாவிட்டாலும் முடிச்சு நழுவலாம். முதல் சுற்றை ஒரு திசையிலும் இரண்டாவதை எதிர்த்திசையிலும் போட்டு, இரு முனைகளையும் படுக்கைவாட்டில் சமமாக இழுத்தால் அது ரீஃப் முடிச்சு, பிடித்தால் விடாது. இரண்டையும் ஒரே திசையில் போட்டால் கிரானி முடிச்சு. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இழுவை வந்தால் கிரானி வழுக்கும். திசை சரியாக இருந்தும், ஒரு முனையை மட்டும் மேலே தூக்கி இழுத்தால் முடிச்சு நூலோடு ஓடத் தொடங்கிவிடும். ரத்தக் குழாயைக் கட்டிய முடிச்சு அப்படி ஓடினால், வயிற்றை மூடிய பிறகு உள்ளே ரத்தம் கசியும்.

நூலுக்கு நூல் கணக்கும் மாறும். பின்னப்பட்ட பட்டு நூலில் உராய்வு அதிகம், மூன்று சுற்றில் நிற்கும். நைலான் ஒற்றை இழை. வழவழப்பானது, பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். அதற்குக் கூடுதல் சுற்றுகள் வேண்டும். அதற்காக இறுக்கிக் கட்டிவிடவும் கூடாது. காயம் அடுத்த ஓரிரு நாளில் வீங்கும். அதற்கு இடம் விடாத தையல், தோலின் விளிம்புக்குப் போகும் ரத்தத்தையே நிறுத்திவிடும். எவ்வளவு இறுக்குவது என்பதைப் புத்தகம் சொல்லித்தர முடியாது, விரல்தான் கற்க வேண்டும்.

இதை நம் நாட்டில் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தார்கள். சுஸ்ருத சம்ஹிதையில் பயிற்சிக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு: அறுப்பதைச் சுரைக்காயிலும் வெள்ளரிக்காயிலும், தைப்பதைத் துணியிலும் மென்தோலிலும் பழகச் சொல்கிறது. எல்லாச் சாத்திரங்களையும் கற்றவனானாலும் கைப்பழக்கம் இல்லாதவன் செயலுக்குத் தகுதியற்றவன் என்பது அதன் தீர்ப்பு. ரத்தக் குழாய்களை ஒட்டித் தைக்கும் முறைக்காக 1912-இல் நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் காரெல், பிரான்சின் லியோன் நகரில் ஒரு பூத்தையல் கலைஞரிடம் ஊசி பிடிக்கக் கற்றவர்.

கற்பிப்பது பழையது, அளப்பது புதியது. வெகுகாலம் "பையன் கை நல்ல கை" என்று ஆசிரியர் சொன்னால் அதுவே மதிப்பெண். 1990-களில் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ரெஸ்னிக் குழுவினர் அதை மாற்றினார்கள். ஒவ்வொரு படியும் செய்யப்பட்டதா என்று பார்க்கும் பட்டியல் ஒன்று. திசுவை மென்மையாகக் கையாண்டாரா, வீண் அசைவு உண்டா, கருவியைப் பிடிக்கத் தெரிகிறதா என ஏழு தலைப்புகளில் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடும் தாள் ஒன்று. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அரா டார்சி குழுவினர் கையில் உணரிகளைப் பொருத்தி, எத்தனை அசைவு, கை எவ்வளவு தூரம் பயணித்தது என்று எண்ணினார்கள். தேர்ந்தவர் கை குறைவாகவே அசைகிறது. போட்டு முடித்த முடிச்சைக் கருவியில் மாட்டி இழுத்தும் பார்க்கலாம். நூல் அறுந்தால் முடிச்சு பிடித்திருக்கிறது, அவிழ்ந்தால் தோல்வி.

நேரத்தை மட்டும் அளப்பது ஆபத்து என்பேன். வேகமாகப் போட்ட கிரானி முடிச்சும் கடிகாரத்துக்கு நல்ல முடிச்சுதான்.

2019-இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து இந்தியாவில் திறன்சார் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஸ்கில் லேப் எனும் திறன் பயிற்சிக்கூடம் கட்டாயம். தையலை முதலில் மாதிரிகளில் பழக வேண்டும். பழகியதைப் பதியும் லாக் புக்கில் ஆசிரியர் கையெழுத்திட வேண்டும். நல்ல மாற்றம். ஆனால் கையெழுத்து ஒன்றே அளவீடு ஆகிவிடாது. மாணவர்களே, பழகுவதற்கு நாற்காலிக் கையும் ஒரு கண்டு நூலும் போதும். கறிக்கடையில் கிடைக்கும் ஆட்டுக்குடல் அதைவிட நல்ல ஆசான். ஆசிரியர்களே, லாக் புக்கில் கையெழுத்திடும் முன் மாணவர் போட்ட முடிச்சை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.