பொடிப்பனிப் பயணம் – 4: பால் மரமும் பனிச்சாலையும்

போன வாரம் நியூ சித்தோசே விமான நிலையத்துக்கு வெளியே, வாடகைக் கார் கடை வாசலில் கதையை நிறுத்தியிருந்தேன். ஈப்போவில் வாடகைக்குக் கார் எடுத்தால் கீறல் எங்கே, எண்ணெய் எவ்வளவு என்று பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்வோம். ஹொக்கைடோவில் கடைக்காரர் எங்களைக் குனிய வைத்து நான்கு டயர்களையும் காட்டினார். கமுந்திங்கில் பிறந்த கூட்டாளி விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தான். தோயோ டயர் தொழிற்சாலை இருக்கிற ஊர்க்காரன் என்பதால் டயர் விஷயத்தில் அவன் சொல்வதுதான் எங்களுக்குத் தீர்ப்பு.

"என்னடா, இவ்வளவு மெத்துன்னு இருக்கு! ஆணியையும் காணோம்."

பனி நாட்டு டயர் என்றால் ஆணி அடித்திருக்கும் என்று நாங்களும் நினைத்திருந்தோம். ஜப்பானிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஓடியது. ஆணிகள் தார்ச்சாலையைச் சுரண்டிச் சுரண்டி, 1980களில் சப்போரோ, செண்டாய் போன்ற நகரங்களில் தூசி பெரிய தொல்லையாகிவிட்டது. பனி இல்லாத நாளில் அது காற்றில் பறந்து மூச்சுக்குள் போனது. 1990-ல் சட்டம் போட்டு ஆணி டயரை ஒழித்தார்கள். அதற்குள் மாற்று வந்திருந்தது. பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் 1988-ல் 'பிலிஸாக்' என்ற ஆணியில்லா டயரை விற்பனைக்கு விட்டது. பனிக்கட்டி வழுக்குவதற்கு அதன் மேல் படியும் மெல்லிய நீர்ப்படலமும் ஒரு காரணம். பிலிஸாக்கின் ரப்பரில் நுண்ணிய காற்றறைகள் உண்டு. அவை அந்த நீரை உறிஞ்சி விலக்கிவிட, டயர் பனிக்கட்டியை நேரடியாகப் பிடித்துக்கொள்கிறது.

இன்னொரு காரணம் நமக்கு நெருக்கமானது. நம் ஊர்க் காரில் இருக்கும் டயரைக் கொண்டுபோய் அந்தக் குளிரில் வைத்தால் இறுகிப்போகும். இறுகினால் பிடிப்பு போய்விடும். பால் மரத்து இயற்கை ரப்பரோ மைனஸ் 70 டிகிரி வாக்கில்தான் கண்ணாடியாக இறுகும். அதனால் குளிர்கால டயரின் கலவையில் இயற்கை ரப்பருக்குத் தனி மரியாதை. கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக 1877-ல் வந்த பால் மர நாற்றுகளில் சிலவற்றைக் கோலகங்சாரில் ஹியூ லோ என்ற ஆங்கிலேய அதிகாரி நட்டார். அதில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. 1988-ல் உலகிலேயே அதிகமாக இயற்கை ரப்பர் எடுத்த நாடு மலேசியா. எங்களில் சுங்கை சிப்புட்காரனின் அம்மா அந்த வருடம் விடியலுக்கு முன் பெரட்டுக்குப் போய், நெற்றி விளக்கோடு பால் வெட்டிக்கொண்டிருந்தவர். அந்த மங்கில் வடிந்த பால் எந்த நாட்டு டயராகப் போனது என்று இப்போது எந்தக் கணக்குப்பிள்ளையாலும் சொல்ல முடியாது. அந்தத் தோட்டமே செம்பனையாகி, அதில் பாதி வீட்டு மனையாகிவிட்டது. பொடிப்பனியில் சறுக்குவதை வீரமாகப் பேசுபவர்கள், அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் டயரைப் பற்றி ஒரு வரிகூடப் பேசுவதில்லை. எனக்கு அது குறையாகத்தான் படுகிறது.

ஓட்டுவது நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. ஜப்பானிலும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். சாலை ஓரம் எங்கே முடிகிறது என்பதைப் பனி மூடிவிடும் என்பதால், தலைக்கு மேலே கம்பத்தில் சிவப்பும் வெள்ளையுமாக அம்புக்குறி தொங்கும். அது காட்டும் இடத்துக்கு அப்பால் போனால் கால்வாய். போக்குவரத்து விளக்குகள்கூடப் படுக்கையாக இல்லாமல் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. படுக்கையாக இருந்தால் மேலே பனி சேர்ந்துவிடுமாம். இரவில் வண்டியை நிறுத்தும்போது வைப்பரைத் தூக்கி விட வேண்டும், கை பிரேக் போடக் கூடாது. இரண்டும் உறைந்துகொள்ளும்.

835 மீட்டர் உயரத்தில் இருக்கும் நக்கயாமா கணவாயில் எல்லாரும் நிற்கிறார்கள், நாங்களும் நின்றோம். அங்கே குச்சியில் கோத்த உருளைக்கிழங்கை மாவில் முக்கிப் பொரித்துத் தருகிறார்கள். சுடச்சுட இருந்தது. கொஞ்சம் மிளகாய்த் தூள் இருந்திருந்தால் கணவாய்க்கே பெயர் மாற்றியிருப்போம்.

இறங்கினால் ரூசுத்து சறுக்குத்தலம். இந்தப் பக்கத்துப் பனிக்கு ஏன் இத்தனை பேர்? சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது, தன்னைவிட வெதுவெதுப்பான நீரிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. ஹொக்கைடோவின் மேற்கு மலைகளில் ஏறியதும் அதைப் பனியாகக் கொட்டுகிறது. மேகத்தில் மைனஸ் 15 டிகிரியை ஒட்டிய குளிரில் கிளைவிட்ட ஆறுமுனைப் படிகங்கள் உருவாகும். கிளைகள் நெருங்கிப் படியாததால் நடுவே காற்று தங்கும். விழுந்து கிடப்பதில் பெரும்பகுதி காற்றுதான். இந்தப் படிகங்களை ஆராய்ந்த ஹொக்கைடோ பல்கலைக்கழக இயற்பியலாளர் உகிச்சிரோ நக்காயா, 1936-ல் குளிரறையில் ஒரு முயல் முடியின் மீது உலகின் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தார்.

சறுக்குப் பலகையில் ஏறியதும் அறிவியல் மறந்துபோகும். இறுக்கிச் சீவிய பாதையில் பலகையின் விளிம்பை ஊன்றித் திரும்பிப் பழகியவர்கள் பொடிப்பனியில் அப்படிச் செய்தால் முன்முனை புதைந்து தலைகுப்புற விழுவார்கள். எடையைக் கொஞ்சம் பின்காலுக்கு மாற்றி, வேகத்தை விடாமல் வைத்திருந்தால் பலகை தானே மேலே மிதந்து வரும். சமதரையில் நின்றுவிட்டால் அவ்வளவுதான், இடுப்பளவுப் பனியில் தவழ வேண்டும். நம் தோட்டத்துப் பால் மரங்கள் நிரை பிடித்து நிற்கும். ஒரு நிரையில் நின்று பார்த்தால் கடைசி மரம்வரை தெரியும். ரூசுத்துவின் பிர்ச் மரங்களுக்கு அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. மரத்தைப் பார்த்தால் மரத்தில்தான் மோதுவோம். இடைவெளியைப் பார்த்துப் போக வேண்டும். ஊசியிலை மரங்களின் கீழ்க்கிளைக்கு அடியில் பனி இறுகாமல் குழியாக இருக்கும். அதில் தலைகீழாக விழுந்தவர் மூச்சுமுட்டிச் சாகலாம். அதனால் காட்டுக்குள் இரண்டிரண்டு பேராக, ஒருவர் கண்ணில் ஒருவர் படும் தூரத்தில்தான் போனோம்.

அங்கிருந்து நிசேகோ பக்கம்தான். ஒரே மலையில் நான்கு சறுக்குத்தலங்கள். அதில் நிசேகோ வில்லேஜை 2010-ல் வாங்கியது நம் நாட்டு ஒய்டிஎல் நிறுவனம். பேராக்கின் பங்கோர் லாவுட் தீவு விடுதியும் அவர்களுடையதுதான். "தீவும் அவங்களோடது, பனியும் அவங்களோடதா?" என்றான் சுங்கை சிப்புட்காரன். லிஃப்ட் சீட்டு விலையைப் பார்த்த பிறகு அவன் பேசவில்லை.

நிசேகோவில் எல்லைக்கு வெளியே போய்ச் சறுக்கத் தடையில்லை. ஆனால் அதற்கென்று வைத்திருக்கும் கதவுகள் வழியாகத்தான் போக வேண்டும். எல்லைக் கயிற்றைத் தாண்டினால் சீட்டைப் பிடுங்கிவிடுவார்கள். பனிச்சரிவில் பலர் செத்த பிறகு, அகியோ ஷின்யா என்ற மலையேறியும் உள்ளூர்க்காரர்களும் போராடி உருவாக்கிய விதிகள் இவை. பருவம் முழுக்கக் காலைதோறும் பனிச்சரிவு அறிக்கை வெளியாகிறது. தடையே போட்டிருந்தால் ஒளிந்து போயிருப்பார்கள். கதவு வைத்ததால் கேட்டு நடக்கிறார்கள். எனக்குத் தெரிந்து மலை நிர்வாகத்தில் இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு இல்லை.

நாங்கள் போன நேரம் காற்று வலுத்துக் கதவுகள் மூடியிருந்தன. கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரும் தொடாத பனி.

"மச்சான், அஞ்சு நிமிஷம்தான், யாருக்குத் தெரியும்?"

"உன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கமுந்திங்காரன், கேட்டவனின் பலகையை மிதித்துக்கொண்டு நின்றான்.

மறுநாளும் காற்று குறையாது என்று அறிக்கையில் இருந்தது. இரவுச் சாப்பாட்டில் நூடல்ஸை உறிஞ்சியபடியே ஃபுரானோவுக்குப் போவதாக முடிவாயிற்று. கடலிலிருந்து தள்ளி, தீவின் நடுவில் இருப்பதால் அங்கே பனி குறைவு. ஆனால் குளிர் கடுமை, விழுவதும் இதைவிட உலர்ந்த பனி. எண்ணெய் போட்டு, கண்ணாடி கழுவும் உறையாத நீரையும் நிரப்பிக்கொண்டோம்.

(தொடரும்)