குன்றத்தூர்ச் சாலையில் ஏரியும் ஊரும்

சென்னைக்குத் தென்மேற்கே போரூரிலிருந்து குன்றத்தூர் செல்லும் சாலையில் இன்று மிகுதியாகக் காணப்படுபவை, திருப்பெரும்பூதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளும் சரக்கு லாரிகளுமே. ஆயினும், இச்சாலையையும் இதனின்று பிரியும் கிளைச் சாலைகளையும் ஒட்டியுள்ள ஊர்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உடையவை. ஒரே நாளில் இவற்றைச் சுற்றிப் பார்த்து வரலாம். அவ்வாறு செல்வோர் கோயிலுடன் நின்றுவிடாமல் ஏரிக்கரையையும் ஏறிப் பார்த்தல் வேண்டும். இவ்வூர்களின் வாழ்வும் தாழ்வும் அங்கேதான் எழுதப்பட்டுள்ளன.

முதலில் எதிர்ப்படுவது கோவூர். சுந்தரேச முதலியாரின் அழைப்பை ஏற்று இங்கு வந்த தியாகராஜ சுவாமிகள், இவ்வூர் இறைவன்மீது ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார். கோவூர்ப் பஞ்சரத்தினம் என்று இசையுலகம் போற்றுபவை அவையே.

அடுத்து வருவது குன்றத்தூர். பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் இது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ மன்னனின் அமைச்சராக விளங்கிய அவர், கும்பகோணத்தை அடுத்த திருநாகேச்சரத்தின்பால் கொண்ட பற்றினால், தம் ஊரிலும் அதே பெயரில் ஒரு கோயில் எழுப்பினார். குன்றின்மேல் முருகன் கோயில் உள்ளது. ஊருக்கு அண்மையில் செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடக்கிறது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள இவ்வேரி சென்னை மாநகருக்குக் குடிநீர் தருகின்றது. குன்றத்தூர் 2021-ஆம் ஆண்டில் நகராட்சியாயிற்று.

குன்றத்தூரிலிருந்து தெற்கே திரும்பினால் சோமங்கலம் வரும். இங்குள்ள சோமநாதேசுவரர் கோயிலில் காணவேண்டிய ஒரு கல்வெட்டு உண்டு. மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில் பெருமழையால் இவ்வூர் ஏரி ஏழு இடங்களில் உடைப்பெடுத்தது. ஒரு வள்ளல் அவ்வுடைப்புகளை அடைத்துக் கரையைச் செப்பனிட்டார். அத்துடன் நில்லாது, ஆண்டுதோறும் ஏரியைப் பேணும் பொருட்டு ஒரு தொகையையும் முதலாக வைத்தார். உடைந்தபின் அடைப்பதைவிட உடையாமல் காப்பதே அறிவுடைமை என்பதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூரார் உணர்ந்திருந்தனர்.

சோமங்கலத்தை அடுத்தது மணிமங்கலம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை வென்ற போர்க்களங்களுள் இதுவும் ஒன்று. அதனைக் கூரம் செப்பேடு கூறுகின்றது. தர்மேசுவரர் கோயிலும் இராஜகோபாலப் பெருமாள் கோயிலும் சோழர்காலக் கல்வெட்டுகளுடன் இன்றும் நிற்கின்றன. இங்கிருந்து மேற்கே சென்றால், 1017-ஆம் ஆண்டில் இராமாநுசர் அவதரித்த திருப்பெரும்பூதூரை அடையலாம்.

இனி ஆங்கிலேயர் காலத்துக்கு வருவோம். ஆர்க்காட்டு நவாபு 1763-இல் செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் அச்சீமையின் ஏறத்தாழ 2,000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். எந்த ஊரில் எத்தனை வீடுகள், எவ்வெத் தொழிலினர், எவ்வளவு நன்செய், புன்செய், தோப்பு, ஏரி என்பவை அதில் பதிவாயின. அக்காலத்து ஊர்க்கணக்குகள் எழுதப்பட்ட தமிழ் ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. இவ்வாவணங்களின் பெருமையை உலகறியச் செய்தவர் தரம்பால் என்னும் அறிஞர்.

அக்கணக்குகளில் ஒரு செய்தி கருதத்தக்கது. நெல் களத்திலிருந்து வீட்டுக்குப் போகுமுன்னரே கோயில், கணக்கன், தச்சன், கொல்லன், தலையாரி முதலியோருக்குரிய பங்கு தனியே அளக்கப்பட்டது. அதனை மேரை என்றனர். ஏரி பராமரிப்புக்கும் அவ்வாறே ஒரு பங்கு உண்டு. ஆகவே ஏரிக்குப் பணம் எங்கே என்று எவரும் தேட வேண்டியிருக்கவில்லை. நிலவரியைக் கம்பெனி தானே வசூலிக்கத் தொடங்கியபின் இம்முறை படிப்படியாக மறைந்தது. ஏரியைக் காப்பது சர்க்காரின் வேலை என்ற எண்ணம் ஊராரிடையே வேரூன்றிற்று.

அதன் விளைவை இத்தலைமுறையும் கண்டது. இப்பகுதி ஏரிகளின் மிகைநீர் அடையாற்றில் சேருகின்றது. 2015 டிசம்பர் மாதப் பெருமழையில் ஏரிகள் நிரம்பி வழிய, ஆற்றங்கரைக் குடியிருப்புகள் நீரில் மூழ்கின. மழை மிகுதி ஒரு காரணம். வரத்துக்கால்வாய் தூர்ந்ததும், நீர் செல்லும் தாழ்நிலங்களில் வீடுகள் எழுந்ததும் துன்பத்தை மிகுவித்தன. தொழிற்சாலைகள் வேலை தருகின்றன, அவை வேண்டும். ஆனால் ஆலையின் மதிலும் மனைப்பிரிவின் சாலையும் நீரின் வழியை மறித்தல் ஆகாது.

சுற்றுலா இங்கே ஒரு நற்றுணை ஆகலாம். நாலுபேர் வந்து பார்க்கும் ஏரியை ஆக்கிரமிப்பது எளிதன்று. ஊராட்சிகள் கல்வெட்டின் செய்தியை எளிய தமிழில் பலகையில் எழுதிவைக்கலாம். ஏரிக்கரையில் நடைபாதையும் நிழல்மரமும் அமைக்கலாம். மகளிர் குழுக்கள் சிற்றுண்டி விற்கலாம். பள்ளி மாணவர்களே வழிகாட்டிகளாகப் பயிற்சி பெறலாம். ஏரிகள் நிரம்பியிருக்கும் மார்கழி, தை மாதங்களே வருவோர்க்கு ஏற்ற காலம். இவற்றால் கிடைக்கும் வருவாயில் ஒரு பகுதியை ஏரிக்கென ஒதுக்கினால், மறைந்துபோன மேரை புது உருவில் மீண்டும் வந்ததாகும்.

சோமங்கலத்துக் கல் எண்ணூறு ஆண்டுகளாக அதே செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அடுத்த பெருமழைக்குமுன் அதனைப் படித்து, கரையைப் பார்த்து, ஆவன செய்வது நம் கடமையாகும்.